ஸ்டெல்லாவுக்கு ஒரு அட்டை ஸ்டேஷன்

“பிளாட்பாரத்து மேல கால வெக்காத நைனா!”

நான் போட்ட சத்தத்தில் நைனா தூக்கிய காலை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. தோளில் கிடந்த வலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் கால் வைக்க இருந்த இடத்தில், வீட்டின் பாதித் தரையை அடைத்துக்கொண்டு ஒரு ரயில் நிலையம் கிடந்தது. பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி, இறால் கம்பெனிக்காரர்கள் தூக்கிப் போட்ட மெழுகுப் பெட்டி என்று கைக்குக் கிடைத்த பழைய அட்டையில் எல்லாம் நான் கட்டியது.

“இன்னாமே இது? மனுசன் வூட்டுக்குள்ள வர்றதா வேணாமா?”

“ஸ்டேஷன் நைனா. தண்டவாளம் ஈர்க்குச்சில பண்ணது, மிதிச்சா ஒடிஞ்சிரும்” என்றாள் என் தங்கை ஸ்டெல்லா. தரையில் குந்தி, இரண்டு கைகளாலும் அட்டைக் கூரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லாவுக்குக் கண் தெரியாது. நாலு வயதில் அம்மை போட்டது. உயிரை விட்டுவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டு போனது. அம்மா இல்லாத வீடு. நைனா, நான், அவள், மூன்றே பேர்.

நைனா ஸ்டேஷனை ஒரே எட்டில் தாண்டி அந்தப் பக்கம் போனார். வலையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: “எத்த வேணா கட்டிக்கோங்க. ஒரு தரம்னு சொன்னேன். ஒரு தரம்தான்.”

கூட ஆள் வந்தால் இடம் இல்லை

போன வாரம் இந்தப் பத்தியில், மீன் கூடைக்காரியான நான் எழுதிய நண்டுக் கூடைச் சண்டையைப் படித்தவர்கள் சிலர், “உங்கள் தங்கையைப் பற்றி ஒரு வரிதானே எழுதினீர்கள்” என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அவளைப் பற்றி ஒரு வரியில் எழுத முடியாது என்பதால்தான் ஒரு வரியோடு நிறுத்தினேன்.

சென்னையில் கண் தெரியாதவர்களுக்கு டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்று இருப்பதாக மாதா கோவிலுக்கு வந்த சிஸ்டர் ஒருவர் சொன்னார். முடித்தால் வேலை கிடைக்கும். ஸ்டெல்லாவுக்கு இருபது தாண்டிவிட்டிருந்தது. அவள் சந்தோஷத்தில் அன்று சோறு தின்னவில்லை.

தங்கிப் படிக்க அங்கே வசதி இல்லை, தினமும் போய்வர வேண்டும். சென்னையில் ரயிலை விட்டு இறங்குகிற இடத்தில் அவர்களுடைய ஆள் நின்று எல்லோரையும் கூட்டிப்போவார். அதுவரை தனியாக வர வேண்டும். வீட்டு ஆள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் சேர்க்க மாட்டோம், நாளைக்கு வேலைக்கும் இப்படித்தான் வருவாயா என்று கேட்டார்களாம். நியாயமான கேள்வி. அந்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

நைனா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

“வேணா.”

“ஏன் நைனா?” என்றேன்.

“ரயில் இன்னா படகா, கூவுனா நிக்கிறதுக்கு? ஒரு கால் தப்பிச்சின்னா…” என்றவர் மீதியைச் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயத்துக்குப் பாசம் என்று பேர் வைத்து ஒரு பெண்ணை வீட்டில் உட்கார்த்தி வைப்பது எனக்கு அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது. ஊரே கேட்கிற மாதிரி கத்தினேன். நான் கத்தியதற்கு அவர் மசியவில்லை. ஸ்டெல்லா சாப்பிடாமல் இருந்ததற்கு மசிந்தார்.

“சரி. பஸ்ஸ வுட்டு எறங்கி, யாரும் தொடாம, யாரும் வாயத் தொறக்காம, அவளா போய் மெட்ராஸ் வண்டில ஏறிக் காட்டட்டும். நான் கண்ணால பாக்குறேன். ஒரே ஒரு தரம். முடியலன்னா இந்தப் பேச்ச இத்தோட வுட்ரணும்.”

பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என்று மெட்ராஸ் போகிற ரயில் பாதையில் வரிசையாக ஸ்டேஷன்கள் உண்டு. எங்களுடையது எது என்று சொல்ல மாட்டேன். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரியும்.

டச்சுக்காரன் எழுத்து

அட்டையில் ஸ்டேஷன் கட்டலாம் என்று எனக்கு எப்படித் தோன்றியது? அதற்கு டச்சுக்காரன் கல்லறைக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர் பழவேற்காட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாசலில் இரண்டு எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள், உள்ளே ஆள் நீளத்துக்குக் கருங்கல் பலகைகள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அங்கே பூட்டும் இல்லை, காவலும் இல்லை. ஆடு மேயும். நான் ஆடு துரத்துவேன், ஸ்டெல்லா கல்லின் மேல் படுத்துக்கொண்டு எழுத்தைத் தடவுவாள்.

அந்தக் கல்லில் எழுத்தைக் குழியாக வெட்டவில்லை, மேடாக எழும்பி நிற்கும்படி செதுக்கியிருக்கிறார்கள். வெயிலில் சூடேறிய எழுத்து. “இது வளையம். இது கொக்கி. இது ரெண்டு கால் வெச்ச கம்பு” என்று அவளே பேர் வைத்துக்கொள்வாள். பிறகு மணலில் அதே மாதிரி எழுதிக் காட்டுவாள். ஒரு கோடு பிசகாது. அது என்ன பாஷை என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. செத்துப்போன டச்சுக்காரன் எவனோ தன் பேரை என் தங்கை தடவிப் படிப்பாள் என்று நினைத்திருக்க மாட்டான்.

கொஞ்சம் வளர்ந்ததும் இறால் தடவ வந்தாள். வலை இல்லாதவர்கள் எங்கள் ஏரியில் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவிக்கொண்டே போக வேண்டும். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். கலங்கிய தண்ணீரில் யாருக்குத்தான் கண் தெரியும்? அங்கே எல்லோரும் ஸ்டெல்லாதான். என்னைவிட அவள் பறி சீக்கிரம் நிறையும். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அவள் விரலுக்கு ஒரு தரம் காட்டிவிட்டால் போதும் என்று எனக்குத் தெரியும். நிஜ ஸ்டேஷனைத் தடவிப் பார்க்க முடியாது. அதனால் தடவுகிற அளவுக்கு அதைச் சின்னதாக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வலை ஊசியும் மெழுகுப் பெட்டியும்

மளிகைக் கடையில் பிஸ்கட் பெட்டியும் சோப்புப் பெட்டியும் கொடுத்தார்கள். அது போதவில்லை. இறால் ஏற்றி அனுப்புகிற பெட்டிதான் தடிமன், ஆனால் தண்ணீர் இறங்காமல் இருக்க மெழுகு பூசியிருப்பார்கள். மைதாப் பசை அதில் ஒட்டவே ஒட்டாது. காலையில் ஒட்டிய சுவர் மத்தியானம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

பசையைத் தூக்கிப் போட்டுவிட்டு வலை ஊசியை எடுத்தேன். வலை பின்னத் தெரிந்தவளுக்கு அட்டை தைக்கத் தெரியாதா? நைலான் நூலில் முடிச்சுப் போட்டு இழுத்தால் சுவர் அசையாது. பிளாட்பாரத்தின் விளிம்பு அவள் விரலுக்குத் தெரிய வேண்டும் என்று நெடுக வலைக்கயிறு ஒன்றைத் தைத்தேன். கயிறு வந்தால் நிற்க வேண்டும், அதற்கு அப்பால் பள்ளம்.

என்னோடு ரயிலில் சந்தைக்கு மீன் கூடை தூக்குகிற மங்கம்மா அக்கா தினமும் வந்து குறை சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர். என்னைவிட அதிக வருஷம் ரயிலில் போனவர். அதனால் அவர் சொன்னதை எல்லாம் கேட்டேன்.

“சொவுரு இவ்ளோ ஒசரம் கெடையாதுமே. அந்தத் தண்ணிக் குழா எங்க? நம்ப குந்துற மரம் எங்க?”

குழாயை வைத்தேன். மரத்தை வைத்தேன், முருங்கைக் குச்சியில். பாலத்தையும் கட்டி நடுவில் நிறுத்தினேன். மங்கம்மா அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அப்டியே கீது” என்றார். நைனாவே ஒரு நாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தளர்ந்திருந்த கூரை முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

ஸ்டெல்லா காலையும் மாலையும் அதைத் தடவினாள். கடைசியில் சோறு வடித்துக்கொண்டே ஸ்டேஷனை ஒப்பித்தாள்: “எறங்குன ஒடனே எடது கைக்குச் சொவுரு. சொவுரு ஒடைஞ்ச எடத்துல உள்ள பூர்றேன். சரிவு. ஏறுனா பிளாட்பாரம். குழா. மரம். நிக்கிறேன். வண்டி.”

“இது எந்த ஸ்டேஷன்?”

அந்த நாள் வந்தது. மூன்று பேரும் பழவேற்காடு பஸ்ஸில் போனோம். ஸ்டெல்லா கையில் படகு தள்ளுகிற கழியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. நைனா சுண்ணாம்பு அடித்துக் கொடுத்திருந்தார்.

பஸ் நின்றது. அவள் இறங்கினாள். நாங்கள் நாலு எட்டு தள்ளி இறங்கினோம்.

ஸ்டெல்லா இடது கையை நீட்டினாள். சுவர் இல்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்து நீட்டினாள். சைக்கிள் ஒன்று கையில் பட்டு, வரிசையாக நின்ற நாலைந்து சைக்கிள்கள் சரிந்து விழுந்தன. டீக்கடைக்காரர் கத்தினார். ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவள் கழியை முன்னால் நீட்டியபோது அது படிக்கட்டில் இடித்தது. அங்கே படிக்கட்டே இருக்கக் கூடாது.

“அக்கா, இது எந்த ஸ்டேஷன்?” என்றாள். குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கே தெரியவில்லை, அது எந்த ஸ்டேஷன் என்று.

விஷயம் இதுதான். கூடைக்காரிகளான எங்களுக்கு மீன் வேன் உண்டு. விடிவதற்குள் அது எங்களை ஸ்டேஷனின் பின்பக்கம், வால் முனையில் இறக்கிவிடும். அங்கே மதில் இடிந்த சந்து. அதில் நுழைந்தால், வியாபாரிகள் கூடையோடு ஏறுகிற வெண்டார் பெட்டி நிற்கிற இடம். திரும்புவதும் அப்படியே. சீசன் டிக்கெட்டைக்கூடச் சந்தை இருக்கிற ஊரிலேயே எடுத்துவிடுவோம். அத்தனை வருஷம் ரயிலில் போய்வந்தும் நாங்கள் ஒருத்திகூட முன்வாசலில் கால் வைத்ததில்லை. நான் கட்டிய ஸ்டேஷனில் முன்வாசலே கிடையாது. டிக்கெட் ஜன்னல் கிடையாது. பாலத்தை அழகுக்காக வைத்திருந்தேன். அதன் படி எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாது.

நைனா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து, வந்த பஸ்ஸிலேயே ஏற்றினார்.

இப்போது புரிகிறதா, ஏன் ஸ்டேஷன் பேரைச் சொல்லவில்லை என்று? அந்தச் சந்தில் இன்றைக்கும் எங்கள் பெண்கள் நுழைந்து போகிறார்கள். நான் எழுதி அது அடைபட வேண்டாம்.

மறுபாடு

மங்கம்மா அக்காவிடம் சொன்னபோது வாயைப் பிளந்தார். “ஸ்டேஷனுக்கு முன்பக்கம் வேற கீதா?”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஸ்டெல்லாவுக்கு இரண்டும் வரவில்லை. நைனா சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே போய்க் குந்தினாள்.

“நைனா, எனக்கு மறுபாடு குடு.”

நைனாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. எந்த இடம் என்றைக்கு யாருக்கு என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். உன் பாடு வருகிற நாளில் நீ காய்ச்சலில் படுத்தாலும் சரி, காற்றடித்தாலும் சரி, அந்தப் பாடு போனது போனதுதான். மறுபடி முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் வேறொருவன் குறுக்கே புகுந்து உன் பாட்டைக் கெடுத்துவிட்டால், ஊர் கூடி உனக்கு இன்னொரு நாள் தரும். அதுதான் மறுபாடு. அப்படி எத்தனையோ பேருக்குப் பேசி வாங்கிக் கொடுத்தவர் நைனா.

“நான் வழி மறக்கல நைனா. அக்கா காட்டுன ஸ்டேஷன்ல நான் சரியாத்தான் போனேன். அந்த ஸ்டேஷன் அங்க இல்ல. என் பாட்ட கெடுத்தது அக்கா. கெடுத்தவ ஒத்துக்குறா. இல்லக்கா?”

“ஆமா, நான்தான்” என்றேன். ஒரு வழக்கில் குற்றவாளியாக நின்று நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

நைனா என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். ஊரில் பத்துப் பேருக்குக் கொடுத்த நியாயத்தை வீட்டில் இல்லை என்று எப்படிச் சொல்வார்?

“முட்டுச்சந்துல கொண்டாந்து நிறுத்திட்டியேடி” என்றார். “சரி. மறுபாடு.”

முன்வாசல்

மறுநாள் கூடை இல்லாமல், வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் போய் முன்வாசலில் இறங்கினேன். சொந்தக்காரர் வீட்டுக்கு முதல் தடவை போகிற மாதிரி கூச்சமாக இருந்தது. டிக்கெட் எடுத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவித் தடவி நடந்தேன்.

“இன்னாக்கா, கண்ணு நோவா?” என்றார் ஒருவர்.

“இல்லப்பா, வழி பாக்குறேன்” என்றேன். அவர் நகர்ந்துபோய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய ஸ்டேஷனின் தையலைப் பிரித்தேன். முன்வாசல் வைத்தேன், சைக்கிள் நிற்கிற இடம் வைத்தேன், டிக்கெட் ஜன்னலை அவள் விரல் நுழைகிற அளவுக்கு வெட்டினேன். சென்னை வண்டி நிற்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். படிக்கட்டுக்குத்தான் யோசித்தேன். சோப்புப் பெட்டி அட்டையை நனைத்து மேல்தாளை உரித்தால் உள்ளே வரிவரியாக மடிப்பு இருக்கும் இல்லையா? அதைச் சாய்த்துத் தைத்தேன். தடவிப் பார்த்த ஸ்டெல்லா, “படி!” என்று கத்தினாள்.

அவள் கேட்ட கேள்விகளுக்காக இன்னும் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. பாலத்துக்கு மேலே காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று கேட்டாள். கண் உள்ள எனக்கு அது எப்படித் தெரியும்? போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

வண்டி

இந்தத் தடவை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நிற்கவே இல்லை. ஏரிக்குள் திருக்கை மீனின் முள் குத்தாமல் இருக்க நாங்கள் காலைத் தூக்காமல் சேற்றிலேயே தேய்த்து நடப்போம். அப்படியே தேய்த்துக்கொண்டு போனாள். சைக்கிள்களை விட்டு ஒதுங்கினாள். படி ஏறினாள். ஜன்னலில் கையை விட்டு, “மெட்ராஸ் ஒண்ணு. ரிட்டன்” என்றாள். ஏறிக் காட்டத்தானே வந்திருக்கிறோம், ரிட்டன் எதற்கு என்று எனக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை.

நானும் நைனாவும் பின்னால் போனோம். பாலத்தின் உச்சியில் அவள் நின்று முகத்தைத் திருப்பினாள். காற்று கன்னத்தில் பட்டதும் சரியான பக்கம் இறங்கினாள். பிளாட்பாரத்தில் கழியால் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓர் எட்டு பின்னால் வந்து நின்றாள். நைனா என் கையைப் பிடித்திருந்தார். எலும்பு நொறுங்குகிற பிடி.

வண்டி வந்தது. கூட்டம் ஏறட்டும் என்று விட்டாள். பெட்டியைத் தடவி, வாசல் கம்பியைப் பிடித்து, காலால் இடைவெளியை அளந்து, ஏறிவிட்டாள்.

நைனா மூச்சை விட்டார். “ஏறிட்டா. சரி, எறங்கச் சொல்லு.”

“ஸ்டெல்லா! எறங்கு!” என்றேன். அவள் வாசலில் கம்பியைப் பிடித்தபடி எங்கள் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“ஏறிக் காட்டச் சொன்ன, ஏறிட்டேன் நைனா. சேர்றதுக்கு நாளு ஆயிப்போவுது. போய் சேந்துட்டு சாயங்காலம் வந்துர்றேன்.”

வண்டி நகர்ந்தது. நைனா கூடவே கொஞ்ச தூரம் ஓடினார். படகைக் கூப்பிடுகிற குரலில் கூவினார். அது நிற்கவில்லை.

அன்று பகல் முழுக்க அவர் ஸ்டேஷனைவிட்டு நகரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது. மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்றார். என்னைத் திட்டினார், சிஸ்டரைத் திட்டினார், அட்டைப் பெட்டி கொடுத்த கடைக்காரரைக்கூட விடவில்லை. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பயத்தைவிடப் பெருமை ஒரு பிடி கூடுதலாக இருந்தது. அதை நைனாவிடம் காட்டாமல் முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு வந்த வண்டியிலிருந்து இறங்கிய கூட்டத்துக்கு நடுவே வெள்ளைக் கழி தெரிந்தது. டிக்கெட் ஜன்னலைத் தாண்டி வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். யாரும் தொடக் கூடாது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது நைனாவே போட்ட நிபந்தனை. அதனால் அவளுக்கு நேர் எதிரே போய், இரண்டு கைகளையும் பாதி நீட்டிக்கொண்டு, அவள் முன்னேற முன்னேறப் பின்னால் நடந்தார். விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. படி வந்தது அவருக்குத் தெரியவில்லை. தடுமாறி நின்றார். அவள் கழி அவர் காலில் இடித்தது.

ஸ்டெல்லா நின்றாள். நைனா மூச்சுகூட விடவில்லை.

“நைனா” என்றாள் அவள். “எடம் குடுத்துட்டாங்க. நாளைக்கும் போவணும். வழிய வுடு, பஸ் போயிரும்.”

நைனா வழி விட்டார்.